தீ படுத்திருந்த இடம்

என்னைத் தேடி யாராவது இந்தப் பக்கம் வந்தால், என் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பிரயோஜனமில்லை. கொள்ளிக்கட்டை வீடு எது என்று கேட்க வேண்டும். கைக்குழந்தைகூட வழி காட்டும். நாலு மாதத்துக்கு முன்பு வரை எனக்குப் பட்டப்பெயரே கிடையாது. பதினோரு வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவன், நூல் பிடித்தாற்போல் நேராக உழுபவன் என்று நாலு பேர் மதித்த டிரைவர் நான். ஒரே ஒரு மத்தியானத்தில் அத்தனையும் போயிற்று.

நான் ஓட்டியது ஒரு பண்ணைக்காரருடைய டிராக்டர். அவரை ஊரே சரிசரி என்றுதான் சொல்லும். எதைச் சொன்னாலும் "சரி, சரி" என்று தலையாட்டுவார். கூரை பறந்துவிட்டது என்றாலும் சரி, சரி. சம்பளத்தைக் கூட்டிக் கேட்டாலும் சரி, சரி. கூட்டித் தருவாரா என்பது வேறு கதை. மற்றபடி நல்ல மனுஷர். வண்டி அவருடைய அப்பா காலத்தில் வாங்கியது, வயதில் எனக்கு மூத்தது. திட்டினால்தான் ஸ்டார்ட் ஆகும். எனக்கும் அதற்கும் அதனாலேயே ஒத்துப்போயிற்று.

அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒரு நடை இறக்கிவிட்டு, வண்டியைக் கொட்டகையில் நிறுத்திக் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டு வாய் வைத்திருப்பேன். கொட்டகைப் பக்கம் புகை. ஓடிப் போய்ப் பார்த்தால் வண்டியின் முன்பாதி தீக்குள் இருக்கிறது. மண்ணை வாரி வாரி இறைத்து அணைத்தோம். ஆளுக்கோ மாட்டுக்கோ சேதமில்லை. என் புருவம் இரண்டும் பொசுங்கிப் போயின. அவை திரும்ப முளைத்துவிட்டன.

போன நல்ல பேர்தான் முளைக்கவில்லை. நான் பீடி குடித்துவிட்டுத் துண்டை வைக்கோலில் போட்டேனாம். பீடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது, அது எவனுக்கு ஞாபகம்? எனக்கு வந்ததே கோபம். தீப்பிடிப்பதற்குப் பத்து நாள் முன்புதான் சரிசரியின் மாப்பிள்ளை அந்த வண்டியில் ஒரு ரேடியோ மாட்டியிருந்தார். அந்த ரேடியோ ஒயர்தான் எரித்தது என்று டீக்கடையில் சொன்னேன், மாவு மில் வாசலில் சொன்னேன், சலூனில் முகத்தில் சோப்பு நுரையோடு எழுந்து நின்று சொன்னேன். சரிசரி அதைப் பற்றி மாப்பிள்ளையிடம் ஏதோ கேட்டிருக்கிறார். கோபத்தில் மாப்பிள்ளை என்னைவிட ஒரு படி மேல். மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பியவர் அதற்குப் பிறகு மாமனார் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அது அவர்கள் வீட்டு விவகாரம் என்று நான் இருந்துவிட்டேன்.

அதன் பிறகு எவனும் என்னிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கவில்லை. மாவு மில்லில் மூட்டை தூக்கினேன். உழைப்பதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகும்போது தெருவில் ஒரு டிராக்டர் சத்தம் கேட்டால் கால் தானாக கிளட்சைத் தேடும். மறுபடி ஒரு ஸ்டீயரிங் என் கைக்கு வர வேண்டும். ராத்திரி பகல் எனக்கு இருந்தது அந்த ஒரு நினைப்புதான்.

அப்போதுதான் சேதி வந்தது. சனிக்கிழமை பழைய இரும்புக்காரன் வந்து வண்டியைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போகப் போகிறானாம். வியாழக்கிழமை சாயங்காலமே நான் அண்ணியிடம் ஓடினேன்.

என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு டிராக்டர் பட்டறை நடத்துவது அண்ணிதான். கல்யாணமாகி வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தார். நாலு ஆள் தூக்கியும் அசையவில்லை. துணிமணி இவ்வளவு கனக்குமா என்று திறந்து பார்த்தால் உள்ளே முழுக்க ஸ்பேனர். அண்ணன் அன்றைக்குப் பிளந்த வாய் இன்னும் முழுசாக மூடவில்லை.

பட்டறைச் சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஆணி அடித்து, அதன் உருவத்தை வெள்ளைப் பெயிண்டில் வரைந்து வைத்திருப்பார். ஒன்று இடத்தில் இல்லையென்றால் வாசலிலிருந்தே தெரியும். ஒரு நாள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர், தெருவில் போன டிராக்டரைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, டீசல் பீய்ச்சும் மூன்றாவது நாசில் போய்விட்டது என்றார். ஓட்டிப் போனவனிடம் நான் ஓடிப் போய்ச் சொன்னேன். அவன் சிரித்தான். மூன்றாம் நாள் அவனே வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். மூன்றாவது நாசில்தான். இந்த மாதிரி அண்ணி எனக்கு இருக்கிறார் என்று நினைத்தாலே நெஞ்சு நிமிரும்.

அவரும் என்னை ஒரே ஒரு விஷயத்துக்குப் புகழ்ந்திருக்கிறார். நான் கம்பி கட்டும் விதம். இரண்டு முறுக்கு முன்னால், ஒரு முறுக்கு பின்னால், நுனியை மடக்கி உள்ளே செருகிவிடுவேன். கையைக் கிழிக்காது, ஜென்மத்துக்கும் அவிழாது. பட்டறையில் துணி காயப்போடும் கம்பி, விளக்குத் தொங்கும் கம்பி எல்லாம் என் கைவேலை. கட்டினால் தம்பி மாதிரி கட்ட வேண்டும் என்று வருகிறவர்களிடம் காட்டுவார்.

அன்றைக்கு அரை மணி நேரம் விடாமல் பேசினேன். இரும்பு விலைக்கு வண்டி கிடைக்கும், நீங்கள் சரி பண்ணுங்கள், நான் ஓட்டுகிறேன், வாடகைக்கு உழுதால் ஆளுக்குப் பாதி. பட்டறைக்கு பேரிங் அழுத்தும் ஒரு பிரஸ் மெஷின் வாங்க அண்ணி சேர்த்து வைத்திருந்ததும் எனக்குத் தெரியும். அதைத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் கூச்சமில்லாமல் சொன்னேன். அண்ணி ஆயில் சீல் மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடித்து, கையைத் துடைத்து, ஸ்பேனரை அதன் உருவத்தில் தொங்கவிட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பாக்கலாம். ஆனா பாக்கறது வாங்கறது இல்ல, தம்பி."

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். கூரை எரிந்துபோன கொட்டகையில் வண்டி நின்றது. வலது பக்கத்திலிருந்து பார்த்தால் பழைய வண்டி, பெயிண்ட்கூட இருந்தது. இடது பக்கம் முழுக்கக் கரி. முன் டயர்கள் இல்லை, கம்பி வளையம்தான் மிச்சம். ஸ்டீயரிங்கின் ரப்பர் உருகி ஓடி, வெறும் இரும்பு வட்டம். நான் பதினோரு வருஷம் உட்கார்ந்த சீட்டில் ஸ்பிரிங் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அதையெல்லாம் பார்த்த மாதிரியே தெரியவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன அரமும் ஒரு சாக்பீஸும் எடுத்தார்.

எதற்கு அரம் என்று எனக்கும் தெரியும். பல்சக்கரம், ஸ்பிரிங் எல்லாம் காய்ச்சிப் பதம் ஏற்றிய இரும்பு. தீ அளவுக்கு மேல் சுட்டுவிட்டால் பதம் இறங்கிப் போகும். பார்க்க அப்படியேதான் இருக்கும், அரம் வைத்தால் மெழுகு மாதிரி சீவிக்கொண்டு வரும். பதம் இருந்தால் அரம் கடிக்காமல் வழுக்கும். எனக்குப் பொறுமை ஏது? அண்ணி கையிலிருந்து அரத்தை வாங்கி, கியர்பாக்ஸ் மூடியைக் கழற்றி, மேலே தெரிந்த ஒரு பல்லில் வைத்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், வண்டி நன்றாக இருக்கிறது, வாங்கிவிடலாம் என்றேன்.

அண்ணி அரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"சோறு தண்ணிக்குள்ள வேகுது, எல்லாப் பருக்கையும் ஒண்ணா வேகும். தீ அப்படியா? ஒரு இடத்துல நடந்து போயிருக்கும், ஒரு இடத்துல படுத்துத் தூங்கியிருக்கும். படுத்த இடம் எதுன்னு பாக்கணும்."

பிறகு அவர் பார்த்தார். அப்படிப் பார்க்கிறவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. பின்சக்கரத்திலிருந்து ஆரம்பித்து முன்னால் வந்தார். பின்பக்க அச்சின் மூடியைத் திறந்து ஆயிலை விரலில் தொட்டு மோந்தார். முன்சக்கர மூடியைத் தட்டித் திறந்து, உள்ளே இருந்த க்ரீஸை இரண்டு விரலால் தேய்த்தார். வலது பக்கம் க்ரீஸ் க்ரீஸாகவே இருந்தது. இடது பக்கம் கரிப்பொடி. ரேடியேட்டரில் பற்றவைத்திருந்த ஈயம் உருகிச் சொட்டுச் சொட்டாக அச்சின் மேல் உறைந்திருந்தது. அந்தச் சொட்டுகளைக்கூட நகத்தால் பெயர்த்துப் பார்த்தார். இஞ்சினின் மேல் மூடியைக் கழற்றி ஒவ்வொரு வால்வு ஸ்பிரிங்கின் உயரத்தையும் ஸ்கேல் வைத்து அளந்தார். கீழே புல்லியின் நட்டில் பெரிய ஸ்பேனரைப் போட்டு என்னைச் சுற்றச் சொல்லிவிட்டு, இஞ்சின் மேல் காதை வைத்துக்கொண்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். இரண்டு முழுச் சுற்று. உள்ளே ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கி விட்டது எனக்கே கேட்டது.

கியர்பாக்ஸுக்குள் மட்டும் வேறு வேறு பல்லாகப் பார்த்து ஐந்து இடத்தில் அரம் வைத்தார். அரம் வைத்தது மொத்தத்தில் பதினொரு இடம். பார்த்த இடத்திலெல்லாம், நன்றாக இருந்தால் சாக்பீஸால் ஒரு கோடு, வெந்து போயிருந்தால் ஒரு வட்டம். மூன்று மணி நேரம். நடுவில் என் வாய் சும்மா இருக்கவில்லை. ரேடியோவைப் பற்றி, மாப்பிள்ளையைப் பற்றி, ஊர்க்காரன்களின் நாக்கைப் பற்றி எல்லாம் பேசி முடித்தேன். அண்ணி அடுத்த வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நாலு எட்டு பின்னால் போய், வண்டியை முழுசாகப் பார்த்தார். நானும் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். கோடெல்லாம் வலது பக்கமும் பின்னாலும். வட்டமெல்லாம் இடது பக்கம். ஸ்டீயரிங் தண்டை நெருங்க நெருங்க வட்டம் அடர்த்தியாகிக்கொண்டே போய், மீட்டர் பலகைக்குக் கீழே ஒரு கை அகலத்தில் ஒன்றாகக் கூடியிருந்தது.

"இங்கதான் படுத்திருக்கு" என்றார் அண்ணி.

குனிந்து, அந்த இடத்தில் கருகிக் கிடந்ததை ஸ்குரூடிரைவரால் மெல்ல நோண்டினார். ரேடியோவிலிருந்து வந்த ஒயர் முதலில் கிடைத்தது. ஸ்டீயரிங் தண்டைப் பிடித்திருந்த தகட்டில் உரசி உரசித் தேய்ந்து, அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நான் துள்ளிக் குதித்தேன். பார்த்தீர்களா, நான் சொன்னேனா இல்லையா என்றேன். நாலு மாதம் தொண்டை கிழியக் கத்தியது வீண் போகவில்லை. சரிசரியை இப்போதே கூப்பிட்டுக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

"இரு" என்றார்.

அவர் இன்னும் நோண்டிக்கொண்டிருந்தார். பியூஸ் பெட்டி பொடியாகிப் போயிருந்தது. அந்தப் பொடியைக் கையில் ஏந்தி ஊதினார். உள்ளங்கையில் ஒரு விரல்கணு நீளத்துக்கு ஒரு தாமிரக் கம்பி மிஞ்சியது. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த கம்பி. தடித்த கம்பி. இரண்டு முறுக்கு முன்னால், ஒரு முறுக்கு பின்னால், நுனி மடக்கி உள்ளே செருகியிருந்தது.

என் கைமுறுக்கு.

ரேடியோ மாட்டிய பிறகு அந்த பியூஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. வைக்கோல் ஏற்றிய அந்த வாரம் ஒரே நாளில் மூன்று தடவை. மூன்றாவது தடவை எனக்குக் கோபம் தலைக்கேறி, கைக்குக் கிடைத்த தாமிரக் கம்பியை முறுக்கிப் போட்டு, இனி எப்படிப் போவாய் என்று பியூஸ் பெட்டியிடமே சவால் விட்டேன். ஆபத்துக்குப் பாவமில்லை என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. அடுத்த நிமிஷம் மறந்தும் போனேன். என் கோபம் அப்படிப்பட்டது, வந்த வழியே போய்விடும், என்ன செய்துவிட்டுப் போனது என்று திரும்பிப் பார்க்காது. சத்தியமாக மறந்தேபோயிருந்தேன்.

அண்ணி அந்தக் கம்பியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"பியூஸ் இருந்தா, ஒயர் உரசின அன்னிக்கே அது போயிருக்கும். அது போறதுக்குத்தான் இருக்கு" என்றார். கையில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிவிட்டு, "இது யார் முறுக்குன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது" என்றார். பிறகு, வண்டியை வாங்குவதா வேண்டாமா என்று தான் இன்னும் முடிவு பண்ணவில்லை, கை கழுவிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டார்.

கை கழுவுகிறாரா, என்னைக் கை கழுவுகிறாரா என்று தெரியாமல் நின்றேன். முதலில் வந்தது கோபம்தான், அண்ணி மேலேயே. பதினொரு இடத்தில் அரம் வைத்துப் பார்த்தவர் பன்னிரண்டாவதாக என் மேல் வைத்துவிட்டுப் போகிறாரே என்று கொதித்தது. கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அண்ணி காட்டிக் கொடுக்க மாட்டார், உயிர் போனாலும் மாட்டார். ரேடியோ ஒயர் உரசியது பொய்யில்லையே. பாதி நியாயம் என் பக்கம் இருக்கிறது. பாதி நியாயத்தை வைத்துக்கொண்டு ஊரில் எத்தனை பேர் முழு வீடு கட்டிக் குடியிருக்கிறான்கள்.

அந்த நேரம் பார்த்து சரிசரி இரண்டு டம்ளரில் டீ எடுத்துக்கொண்டு வந்தார். முன்பெல்லாம் டீ எடுத்து வருவது அவர் மகள். மாப்பிள்ளையும் மகளும் வாரம் தவறாமல் வந்து போகும் வீடு அது. சிரிப்புச் சத்தம் கொட்டகை வரைக்கும் கேட்கும். இப்போது அவரே டீ போட்டு, அவரே தூக்கிக்கொண்டு வந்தார். சட்டையில் ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. நான் கத்திய கத்தலுக்கு இந்த மனுஷர் நாலு மாதமாகத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

டம்ளரை வாங்காமல் பையிலிருந்து கம்பியை எடுத்து நீட்டினேன்.

"ஐயா, இது நான் போட்டது. பியூஸுக்குப் பதிலா."

அவருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். மூன்று தடவை பியூஸ் போனது, கோபத்தில் கம்பி போட்டது, அதை மறந்துவிட்டு ஊரெல்லாம் அவர் மாப்பிள்ளையைத் தூற்றியது. அவர் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுக் கவிழ்த்துக் கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். "அப்போ ரேடியோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஒயர் உரசினது நிஜம் ஐயா. ஆனா நான் கை வைக்காம இருந்திருந்தா, பாட்டு நின்னிருக்கும். அவ்வளவுதான்."

சரி, சரி என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து அந்த வார்த்தை அவர் வாயில் வராமல் போனது அன்றைக்குத்தான். ரொம்ப நேரம் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து எண்ணைப் போட்டு, காதில் வைக்காமல் என்னிடம் நீட்டினார்.

மாப்பிள்ளையிடம் திரும்ப முதலிலிருந்து சொன்னேன். கோபத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசியவன், சாதாரணமாக நாலு வரி பேச வியர்த்து நனைந்தேன். அந்தப் பக்கம் அவர் திட்டினார். நன்றாகத் திட்டினார், என் பரம்பரையை விடவில்லை. வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டேன். அப்புறம் போனில் மகள் குரல் கேட்டது, அப்பா சாப்பிட்டாரா என்று. போனைச் சரிசரியிடம் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். வண்டி போனால் போகட்டும், மில்லில் மூட்டை எப்போதும் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னேனே தவிர மனசு கேட்கவில்லை.

அண்ணி குழாயடியில் எவ்வளவு நேரம்தான் கை கழுவினாரோ. போன் பேசி முடியும் வரை வரவில்லை. வந்ததும் சரிசரியிடம் நேராகப் பேசினார். இஞ்சின் நன்றாக இருக்கிறது, கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது, ஒயர், ரேடியேட்டர், டயர், இடது முன்சக்கரம் இதெல்லாம்தான் போயிருக்கிறது. இதை இரும்பு விலைக்குக் கொடுக்காதீர்கள், நாங்கள் எடுத்தாலும் அந்த விலைக்கு எடுக்க மாட்டோம், கூடப் போட்டுத்தான் தருவோம் என்றார். வாங்க வந்தவர் விலையை ஏற்றியதைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும் "நாங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னாரே, அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

சரிசரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி" என்றார். ஒரே ஒரு சரி.

மறுநாள் காலையில், இரும்புக்காரன் வந்து வெறுங்கையோடு திரும்பிய பிறகு, அண்ணி பட்டறையிலிருந்து நல்ல டயர் போட்ட இரண்டு முன்சக்கரம் கொண்டுவந்து மாட்டினார். யாருடைய டிராக்டரையோ இரவல் வாங்கி வந்து, இரண்டு வண்டியையும் தடித்த இரும்புக் கம்பியால் கட்டினோம். கட்டியது நான்தான். இரண்டு முறுக்கு முன்னால், ஒரு முறுக்கு பின்னால். அண்ணி வந்து அந்த முறுக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, இந்த இடத்துக்கு இது சரி என்றார்.

கட்டி இழுக்கும்போது பின்னால் வருகிற வண்டியில் ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. இழுக்கிற வண்டியில் நான் ஏறினால் சரியாக இருக்கும் என்று நினைத்து அந்தப் பக்கம் நடந்தேன். அண்ணி அதற்குள் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தபடி ஒரு காலிச் சாக்கைச் சுருட்டி என் மேல் எறிந்தார்.

"அந்த ஸ்பிரிங் மேல போட்டு உக்காரு. குத்தும்."

ஏறினேன். சாக்பீஸ் வட்டங்கள் அப்படியே இருந்தன. கருகிய இரும்பு வட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். கையெல்லாம் கரி. பதினோரு வருஷம் பிடித்த ஸ்டீயரிங்தான், ஆனால் அன்றைக்குப் பிடித்த மாதிரி என்றைக்கும் பிடித்ததில்லை. கண் கலங்கியது, அண்ணி பார்த்துவிடப் போகிறாரே என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அண்ணி இஞ்சினைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்து, சத்தத்துக்கு மேல் சத்தமாகச் சொன்னார்.

"போற வழியில எலக்ட்ரிக் கடைகிட்ட நிறுத்துவேன். இறங்கிப் போய் கண்ணாடி பியூஸ் ஒரு டஜன் வாங்கிக்கோ."

நான் இரண்டு டஜன் வாங்கினேன்.